சாயம் போகும் என்று சொல்லி விற்ற துணி

சங்கத்தின் சரக்கறையில் சேலைகள் தேங்கும்போதெல்லாம், நிர்வாகக் குழுவில் எழும் யோசனை ஒன்றே: "விளம்பரம் செய்வோம்" என்பது. பண்டிகை நெருங்கினால் தள்ளுபடி விகிதத்தைப் பெரிய எழுத்தில் பொறித்துப் பலகை வைக்கிறோம். பண்டிகை கழிந்த பின்னும் மீதிச் சரக்கு மீதியாகவே இருக்கிறது. சரக்கில் முடங்கிய பணம் திரும்பாவிடில் அடுத்த பாவுக்குப் பட்டு வாங்க வழியில்லை. பாவு இல்லையேல் செவிலிமேட்டிலும் பிள்ளையார்பாளையத்திலும் தறி நிற்கிறது. ஆதலால், விளம்பரம் எப்பொழுது பலிக்கிறது, எப்பொழுது பொய்க்கிறது என்பது கூலிக்கு நெய்யும் அங்கத்தினர் ஒவ்வொருவரின் அடுப்பையும் பற்றிய விஷயமாகும்.

இதற்கு நம் கைத்தறி வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. 1958ஆம் ஆண்டில் வில்லியம் ஜேகப்சன் என்னும் அமெரிக்க இறக்குமதி வியாபாரி பம்பாய்க்கு வந்தார். சென்னை வட்டாரக் கைத்தறிகளில் நெய்யப்பட்டு 'மெட்ராஸ்' என்றே பெயர் பெற்றிருந்த, கட்டம் போட்ட பருத்தித் துணியைக் கெஜம் ஒரு டாலர் வீதம் வாங்கினார். விற்றவர் கண்ணூரைச் சேர்ந்த கேப்டன் கிருஷ்ணன் நாயர். பிற்காலத்தில் லீலா ஹோட்டல்களை நிறுவியவர் இவரே. துணிக்குத் தாவரச் சாயம் ஏற்றியிருந்தது. குளிர்ந்த நீரில் மென்மையாக அலச வேண்டும், இல்லையேல் சாயம் இறங்கும் என்று அவர் எச்சரித்தே கொடுத்தார் என்பர். ஜேகப்சன் அதில் 10,000 கெஜத்தைப் புரூக்ஸ் பிரதர்ஸ் என்னும் புகழ்பெற்ற உடை வியாபாரிகளுக்கு விற்றார். துணி கை மாறியது. எச்சரிக்கை மட்டும் உடன் செல்லவில்லை.

வாங்கிய மக்கள் வெந்நீரிலும் காரமான சோப்பிலும் துவைத்தனர். ஒரு நிறம் மற்றொன்றில் பாய்ந்தது. புகார்கள் குவிந்தன, வழக்கு வரையில் பேச்சு எழுந்தது. அதன் பின் நிகழ்ந்ததே நாம் கவனிக்கத்தக்கது. 'செவன்டீன்' என்னும் அமெரிக்கப் பத்திரிகை இத்துணியைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டு, இந்தியக் கைத்தறியின் அதிசயம் என்று கொண்டாடியது. விளம்பரங்களோ, சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம் தருகிறோம் என்றே முழங்கின! சலவைக்குச் சலவை நிறங்கள் கலந்து புதுத் தோற்றம் கொள்வதை விரும்பியே மக்கள் வாங்கலாயினர். 1960களில் அமெரிக்க இளைஞரிடையே அதற்குப் பெருங் கிராக்கி ஏற்பட்டது.

துணியும் அதுவே, சாயமும் அதுவே. சொல்லாமல் விட்டபோது மோசடியாகத் தோன்றியது, முன்கூட்டிச் சொன்னபோது சிறப்பாயிற்று. குறையைக் குணமாகக் காட்டும் விளம்பரக்காரரின் சாமர்த்தியம் இதில் கலந்திருப்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் அவர் கூறியது, வாங்கியவர் தம் வீட்டிலேயே அலசிப் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய உண்மை.

இனி நம் பட்டுச் சேலைக்கு வருவோம். 'தூய பட்டு, அசல் ஜரிகை' என்று எழுதாத பலகை காஞ்சிபுரத்தில் இல்லை. எல்லோரும் சொல்வதை நாமும் சொன்னால் கேட்பவர் காதில் ஏறுவதில்லை. ஆய்வுக்குச் சென்ற ஒரு சங்கத்தில், பலகைக்குக் கணிசமான தொகை செலவாகியிருக்க, விற்பனையாளர் கோர்வைச் சேலை எது என்று வாடிக்கையாளருக்குக் காட்ட இயலாமல் விழித்ததைக் கண்டோம். அங்கே நெய்த கைக்குத் தெரிந்தது விற்கும் வாய்க்குத் தெரியவில்லை.

கோர்வையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில், மூன்று நாடாக்கள் கொண்டு, உதவியாள் ஒருவர் உடனிருக்க நெய்யப்படுகின்றன. கரை சேருமிடத்தில் ஊடை இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருப்பதைச் சேலையைத் திருப்பிக் காட்டலாம். அசல் ஜரிகையைச் சிறிது சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டிழை தெரியும். பட்டு நூலைக் கொளுத்தினால் மயிர் கருகும் வாசனை எழும். இவற்றைச் செய்து காட்டும் இரண்டு நிமிஷங்களை விடச் சிறந்த விளம்பரம் எதுவென்று நமக்குத் தெரியவில்லை.

முத்திரைகளைப் பற்றியும் பலருக்குக் குழப்பம் உண்டு. 2004இல் வந்த 'சில்க் மார்க்' பட்டு தூயது என்று மட்டுமே சொல்லும். விசைத்தறிச் சேலையும் அதைப் பெறலாம். 2006இல் வந்த கைத்தறி முத்திரை கையால் நெய்தது என்பதை உணர்த்தும். இவ்விரண்டும் ஜரிகையைப் பற்றிப் பேசுவதில்லை. 2005-06இல் காஞ்சிபுரம் பட்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காக்கிறது. எது எதற்குச் சான்று என்று நாம் விளக்காவிடில், வாங்குபவர் ஒன்றைக் கண்டு மூன்றும் இருப்பதாக எண்ணி ஏமாறுவார். பின்னர் நம்மையும் ஐயுறுவார்.

மெட்ராஸ் துணியின் சாயத்தைப் போல் நம் சேலைக்கும் ஒன்று உண்டு. ஜரிகையில் உள்ளது வெள்ளி. ஈரமும் வாசனைத் திரவியமும் பட்டால் அது கறுக்கும். ஒரே மடிப்பில் நெடுநாள் வைத்தால் மடிப்பில் பட்டு இற்றுப்போகும். இதைச் சொன்னால் விற்பனை கெடும் என்று அஞ்சுவோர் உளர். விற்கும்போதே சொல்லி, பருத்தித் துணியில் சுற்றி வைக்கவும், அவ்வப்போது மடிப்பு மாற்றவும் கற்பித்தால், கறுத்த ஜரிகையுடன் சண்டைக்கு வருபவர் குறைவர். வெள்ளி இருப்பதனால்தான் பழஞ்சேலைக்கும் விலை கிடைக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லலாமே!

விவசாய அங்கத்தினர்களுக்கு ஆனந்தின் அமுல் உதாரணமாகும். புள்ளிச் சட்டைச் சிறுமியின் படம் 1966 முதல் வெண்ணெயை விற்று வருகிறது. படத்தின் வேடிக்கையை எல்லோரும் புகழ்வர். ஆனால் அதற்கு முன்னரே, 1946இல் தொடங்கிய அச்சங்கத்தின் கிராமங்களில் பாலின் கொழுப்புச் சத்தைச் சோதித்து விலை தரும் வழக்கம் வேரூன்றியிருந்தது. கலப்பட நெல்லுக்கும் ஈர நிலக்கடலைக்கும் எந்தச் சிறுமியின் படமும் உதவாது.

1935இல் தோன்றிய நம் கோ-ஆப்டெக்ஸ், 2010களில் நெய்தவரின் பெயரும் படமும் தாங்கிய அட்டையைப் பட்டுச் சேலைகளுடன் இணைத்தது. ஆரம்பச் சங்கங்களும் இதைச் செய்யலாம். அட்டையின் ஒரு புறம் நெய்தவர் பெயர், அவர் சம்மதித்தால் படம், நெய்ய ஆன நாட்கள், கோர்வையா அன்றா என்ற விவரம். மறு புறம் பாதுகாக்கும் முறை, சங்கத்தின் பதிவு எண். ஒரு பண்டிகைப் பலகையின் செலவில் பல நூறு அட்டைகள் அச்சாகும். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் பொருள் நிரலில் இதைச் சேர்க்குமாறு அங்கத்தினர்கள் எழுத்து மூலம் கோரலாம்.