கானா மைக்கைப் பிடித்த ராயபுரம் பெண்... யார் இந்த இசைவாணி?

கானா பாட்டில் பெண்ணுக்குப் பஞ்சமே இல்லை. காதலித்து ஏமாற்றியவள், கண்ணாலேயே மயக்கியவள், பிள்ளையைத் தவிக்கவிட்டுக் கண்ணை மூடிய தாய் என்று யாராவது ஒருத்தி வந்துகொண்டே இருப்பாள். ஆனால், பாடுவது மட்டும் ஆணாகத்தான் இருப்பார். அந்த மைக்கைத் தன் கையில் வாங்கியவர், ராயபுரத்தைச் சேர்ந்த இசைவாணி.

பெண்கள் ஏன் கானா பாடவில்லை? அது பிறந்த இடத்தைப் பார்த்தால் புரியும். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும், ரிக்‌ஷா இழுத்தவர்களும் வாழ்ந்த வடசென்னைக் குடியிருப்புகள்தான் கானாவின் தாய்வீடு. சாவு விழுந்த வீட்டு வாசலில், இறந்தவரின் அருமை பெருமைகளைச் சொல்லி விடிய விடியப் பாடுவார்கள். அதற்கு 'மரண கானா' என்றே பெயர். ராத்திரி, தெரு, ஆண்கள் கூட்டம்... அங்கே ஒரு பெண் உட்கார்ந்து பாடுவதை யாரும் யோசித்துக்கூடப் பார்க்கவில்லை. 90-களில் இசையமைப்பாளர் தேவா கானாவை சினிமாவுக்குள் கொண்டுவந்து பட்டிதொட்டியெங்கும் ஹிட் ஆக்கினார். அப்போதும் இந்த விஷயம் மட்டும் மாறவில்லை.

இசைவாணியின் அப்பா கீபோர்டு கலைஞர். வீட்டிலேயே இசை இருந்ததால் சின்ன வயதிலேயே மேடை பழகிவிட்டது. ஆனால், பெரிய வெளிச்சம் கிடைத்தது 2018 ஜனவரியில். இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரியை நடத்தியது. கானாவும் ராப்பும் ராக்கும் கலந்த குழு. பாடியதோ இடஒதுக்கீடு, மாட்டுக்கறி, சாதிக் கொடுமை பற்றி. கோட் சூட் போட்டு நின்ற 19 பேரில் ஒரே பெண், இசைவாணி!

2020-ல் பிபிசி வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் இவர் பெயரும் இருந்தது. புகழ்பெற்ற ஆண் பாடகர்களோடு ஒரே மேடையில் நின்று பாடுவதே இங்கே சாதனைதான் என்றது பிபிசி. உண்மைதானே! அடுத்த வருடமே 'பிக் பாஸ்' ஐந்தாவது சீசன். கானா பக்கமே போகாத வீடுகளுக்கும் இவர் முகம் தெரிந்துவிட்டது.

எல்லாமே கைதட்டலாக இருந்துவிடவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் இவர் பாடிய 'ஐ ஆம் சாரி ஐயப்பா' பாடல், 2024 நவம்பரில், சரியாக ஐயப்ப பக்தர்கள் மாலை போடும் சீசனில் மீண்டும் பரவி பெரிய சர்ச்சையானது. பக்தர்களின் மனம் புண்பட்டதாகப் பல ஊர்களில் போலீஸில் புகார்கள். சோஷியல் மீடியாவில் இவர்மீது வசைமழை. நீலம் பண்பாட்டு மையம் இவருக்கு ஆதரவாக அறிக்கை வெளியிட்டது.

இதற்கிடையே இன்னொன்றும் நடந்திருக்கிறது. இவரைப் பார்த்து இளம்பெண்கள் சிலர் கானா பாட வந்திருக்கிறார்கள். ஏமாற்றிய காதலியின் கதையை இனி அவளே பாடலாம்!