ரேஸ் முடிந்த குதிரைக்கு 20 வருஷம் சாப்பாடு! குடும்பத்தோடு பண்ணை வைக்க ஆசைப்படுவோர் கவனிக்க

வயசு 6. வேலை போய்விட்டது. பென்ஷன் கிடையாது. ஆனால் இன்னும் 20 வருஷம் உயிரோடு இருக்கும், தினமும் வயிறு நிறையச் சாப்பிடும்!

யார் இந்த ஆசாமி என்கிறீர்களா? ஆசாமி அல்ல, ரேஸ் குதிரை!

பந்தயத்துக்கென்றே வளர்க்கப்படும் 'தரோபிரெட்' ஜாதிக் குதிரைகள் 2 வயசிலேயே ஓட ஆரம்பித்துவிடும். 6, 7 வயசுக்குள் பெரும்பாலான குதிரைகளின் ஓட்டம் முடிந்துபோகும். காலில் அடிபட்டால் அதற்கும் முன்பே 'ரிட்டயர்டு'. ஆயுளோ 25 வருஷம், நன்றாகக் கவனித்தால் 30 வருஷம்கூட.

சென்னைக்கு இந்தக் கவலை 2024-ல் பலமாக வந்தது. கிண்டி ரேஸ் கோர்ஸ் குத்தகையை அரசு ரத்து செய்தது. 160 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம். 1946-ல் 99 வருஷக் குத்தகைக்கு விட்டது. வருஷ வாடகை எவ்வளவு தெரியுமா? 614 ரூபாய் சொச்சம்! வாடகை பாக்கி 730 கோடி ரூபாய் என்று கணக்குச் சொல்லி, செப்டம்பர் 9-ந் தேதி அதிகாரிகள் வந்து 'சீல்' வைத்தார்கள். அதே வருஷம் ஊட்டியில் 52 ஏக்கர் ரேஸ் கோர்ஸ் நிலத்தையும் அரசு எடுத்துக்கொண்டது.

நிலத்துக்காக வாதாட இரண்டு பக்கமும் வக்கீல்கள் உண்டு. குதிரைக்கு யார்?

"ஒண்ணே ஒண்ணுப்பா!"

போலீஸ் குதிரைப்படை, இனப்பெருக்கப் பண்ணை, சவாரிப் பள்ளி - ஓய்வு பெற்ற குதிரைகள் போகிற இடங்கள் இவ்வளவுதான். மிச்சத்துக்குக் கதி, குதிரைப் பைத்தியம் பிடித்த குடும்பங்கள்தான்.

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் சவாரிப் பள்ளிகள் வந்த பிறகு இந்த ஆசை பலருக்குத் தொற்றிவிட்டது. "அப்பா, ஒண்ணே ஒண்ணுப்பா!" என்று மகள் கெஞ்சுவாள். அப்பா இளகுவார். ஒரு குதிரை வரும். துணைக்கு இன்னொன்று வரும். பிறகு, 'நாலு பேர் குதிரையையும் நம்மிடம் விட்டால் செலவு கட்டுமே' என்ற யோசனை வரும். குதிரை ஹாஸ்டல் தயார்!

காசுக்கு ஒரு குதிரையும் வேண்டும், அது காற்றாய்ப் பறக்கவும் வேண்டும் என்பார்கள் நம் ஊரில். குதிரை மலிவாகக் கிடைக்கும் என்பது உண்மைதான். ஓட முடியாத ரேஸ் குதிரையைச் சொற்ப விலைக்குத் தள்ளிவிடுவார்கள். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோவில் சந்தைக்குப் போனால் நாட்டுக் குதிரையும் பேரம் பேசி வாங்கலாம். கையைக் கடிப்பது அதற்கப்புறம்தான்.

மணலும் எமன்தான்

450 கிலோ எடையுள்ள குதிரைக்குத் தினம் சுமார் 9 கிலோ உலர் தீனி வேண்டும். பசும்புல்லாகக் கொடுத்தால் எடை இன்னும் பல மடங்கு. குடிக்க 25 முதல் 40 லிட்டர் தண்ணீர், கத்திரி வெயிலில் அதற்கும் மேல். ஒவ்வொன்றுக்கும் 12 அடிக்கு 12 அடி லாயம். காலாற ஓட வெளி. 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு முறை குளம்பு சீவ, லாடம் மாற்ற ஆள் வரவேண்டும். வருஷா வருஷம் பல்லை ராவ வேண்டும், ரணஜன்னி ஊசி போட வேண்டும். 'சைஸ்' என்கிற குதிரைக்காரரின் சம்பளம் தனி. அவருக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கொடுத்தால் சாணி அள்ளுவது முதலாளி குடும்பம்தான்!

இன்னொரு விஷயம். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. அவ்வளவு பெரிய உடம்புக்கு இரைப்பையோ சின்னது. ஆசையாக ஒரு வாளி கொள்ளைத் திடீரென்று கொட்டினால் வயிற்றுவலி வந்து உருண்டு புரளும். கவனிக்காவிட்டால் ராத்திரிக்குள் உயிரே போகலாம். கடற்கரைப் பக்கப் பண்ணைகளுக்கு மணலும் ஒரு எமன். தரையில் தீனி போட்டால் புல்லோடு மணலும் உள்ளே போய்க் குடலில் தங்கிவிடும். ஆகவே தொட்டியில்தான் தீனி வைக்க வேண்டும்.

சென்னைப் புழுக்கம் வேறு. ஈரப்பதம் மிகுந்த வெயிலில் சில குதிரைகளுக்கு வேர்ப்பதே நின்றுபோகும். உடம்பு கொதிக்கும், மூச்சு வாங்கும். அப்படிப்பட்டதை மத்தியானச் சவாரிக்கு விடுவது கொலைக்குச் சமம். கடிக்கிற ஈக்களால் 'சர்ரா' காய்ச்சலும் பரவும். 'கிளாண்டர்ஸ்' என்று ஒன்று உண்டு. தடுப்பூசி கிடையாது, மனிதனுக்கும் தொற்றும். புதுக் குதிரை வந்தால் ரத்தப் பரிசோதனை முடியும் வரை தனியே கட்டச் சொல்வது இதற்காகத்தான்.

பழசை மறக்க வைக்கணும்

ரேஸ் குதிரைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, முன்னால் ஓடுகிற குதிரையை முந்துவது! அதன் மேல் பத்து வயசுப் பையனை ஏற்றினால் என்ன ஆகும்? எலும்பு டாக்டருக்குத்தான் வருமானம்.

முதலில் சில வாரங்கள், தேவைப்பட்டால் சில மாதங்கள், சும்மா மேய விட வேண்டும். தானியத்தைக் குறைத்துப் புல்லைக் கூட்ட வேண்டும். பிறகு நீளக் கயிற்றில் கட்டி வட்டமாக நடக்கப் பழக்குவார்கள். 'நில்' என்றால் நிற்க, மெல்லப் போகச் சொன்னால் மெல்லப் போக, வண்டிச் சத்தத்துக்கு மிரளாமல் இருக்க - எல்லாம் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பம். அடித்தால் காரியம் கெடும். பயந்த குதிரைதான் உதைக்கும். தனியாகக் கட்டினாலும் ஏங்கிப்போகும். கூட்டத்தோடு வாழ்கிற ஜீவன் அது. அதனால்தான் சில லாயங்களில் துணைக்கு ஒரு ஆட்டையாவது கட்டுகிறார்கள்.

சொந்தக்காரர் வராவிட்டால்?

ஹாஸ்டல் நடத்துவோருக்குப் பெரிய தலைவலி உதையும் இல்லை, கடியும் இல்லை. பணம் கட்டாத சொந்தக்காரர்தான். முதல் மாசம் வாராவாரம் கேரட்டோடு வருவார். ஆறாம் மாசம் போனில் மட்டும் பேசுவார். அப்புறம் போனும் எடுக்கமாட்டார். குதிரையைத் தெருவில் விடவா முடியும்?

விடுகிறவர்களும் இருக்கிறார்கள். சவாரிக்கு உதவாத கிழக் குதிரைகள் ஊட்டி கடைத்தெருவில் குப்பையைக் கிளறுவதைச் சுற்றுலாப் பயணிகள் பார்த்திருப்பார்கள். வளர்த்த பிராணியைக் கைவிடுவது மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 1960-ல் அந்தச் சட்டம் போட்டபோது முதல் தடவைக்கு விதித்த அபராதம் 50 ரூபாய் வரை. அடேயப்பா!

ஆகவே குதிரை உள்ளே வரும்போதே பத்திரத்தில் எழுதி வாங்கிவிடுவது நல்லது. மாசக் கட்டணம் எவ்வளவு, எத்தனை மாச முன்பணம், டாக்டர் செலவு யாருடையது, ராத்திரி 2 மணிக்கு வயிற்றுவலி வந்தால் யாரைக் கேட்டு ஆபரேஷன் செய்வது, மூன்று மாசம் பணம் வராவிட்டால் குதிரை யாருக்கு - இத்தனையும் அதில் இருக்க வேண்டும். குதிரையின் படமும், நெற்றிச்சுட்டி, கால் வெள்ளை போன்ற அடையாளங்களும்கூட. கையெழுத்துப் போடத் தயங்குகிறவரின் குதிரையை லாயத்துக்குள் விடாமல் இருப்பதே மேல்.