உங்களுக்குத் தெரியுமா? சாஞ்சிக் கல்லில் தந்தச் சிற்பிகளின் கை

மத்தியப் பிரதேசத்தின் சாஞ்சிப் பெருந்தூபியில், தெற்குத் தோரண வாயிலின் தூண் ஒன்றில் உள்ள சிற்பங்களைச் செதுக்கியவர்கள் யானைத் தந்த வேலைக்காரர்கள்! ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் பொறித்த பிராமி எழுத்துகள் அந்தத் தூணிலேயே இருக்கின்றன: இது விதிசா நகரத் தந்தச் சிற்பிகள் செய்த வேலை. விதிசா அங்கிருந்து சுமார் 10 கிலோமீட்டர்தான். அவர்கள் பணம் மட்டும் கொடுத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. சாஞ்சியில் நூற்றுக்கணக்கான கொடைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவை கொடையைத்தான் சொல்கின்றன. இந்த வரியோ செதுக்கிய வேலையைச் சொல்கிறது. சிற்பங்களும் அதற்கு ஒத்துப்போகின்றன: குறுகிய சட்டத்துக்குள் நெருங்கி நிற்கும் சிற்றுருவங்கள், மணி மணியாகத் தெரியும் அணிகலன்கள், எல்லாம் தந்தத்தில் பழகிய கைக்கே உரிய நுணுக்கம். தோரணத்தின் கல்லும் உளிக்கு இணங்கும் மணற்கல். நம் கருங்கல்லாக இருந்தால் இவ்வளவு எளிதாக விட்டுக்கொடுத்திருக்காது.

ஆனாலும் இந்த ஒரு வரியை வைத்துத் தூபியின் நான்கு தோரணங்களையும் அவர்களுக்கே கொடுத்துவிட முடியாது. அதே தெற்குத் தோரணத்தில், சாதகர்ணி மன்னனின் கைவினைஞர்களுக்குத் தலைவரான ஆனந்தரின் கொடையும் பொறிக்கப்பட்டிருக்கிறது. எப்படியானாலும் அக்காலத் தந்த வேலையின் தரத்தை ஐயுற இடமில்லை. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த இத்தாலியின் பொம்பெயி நகரில், 1938இல் இந்தியத் தந்தப் பெண் சிலை ஒன்று கிடைத்தது. அவள் பூண்ட நகைகள் சாஞ்சித் தோரணங்களின் யட்சி என்னும் பெண் சிற்பங்களை நினைவூட்டுபவை.