சௌந்தரம் அம்மா சொல்லிக் கொடுத்தது

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகிற வழியில், சின்னாளபட்டியை ஒட்டி இருக்கிறது காந்திகிராமம். அங்குள்ள கஸ்தூரிபா மருத்துவமனையில் பிரசவமாகி, கைக்குழந்தையோடு வீடு திரும்பிய தாய்மார்கள் எத்தனையோ பேர். அதை ஆரம்பித்த அம்மாளின் கதை நமக்கெல்லாம் தெரிய வேண்டாமா?

டாக்டர் டி.எஸ். சௌந்தரம் மதுரை டி.வி.எஸ். குடும்பத்துப் பெண். 1904-ல் பிறந்தவர். அந்தக் கால வழக்கப்படி சிறு வயதிலேயே கல்யாணம். கணவர் சௌந்தரராஜன் ஒரு டாக்டர். பிளேக் நோயாளிகளுக்கு வைத்தியம் பார்க்கப் போனவர், 1925-ல் அந்த நோய்க்கே பலியானார்.

இளம் விதவை! "அவ தலையெழுத்து அவ்வளவுதான்" என்று மூலையில் உட்கார வைக்கிற காலம் அது. ஆனால், "நீ முடங்கிவிடாதே; படி, மறுமணமும் செய்துகொள்" என்று கணவரே கடைசியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பெற்றோரும் படிக்க வைத்தார்கள். டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் படித்து, 1936-ல் டாக்டராகப் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 32. "இந்த வயசுக்கு மேல எனக்கென்ன படிப்பு?" என்று அலுத்துக்கொள்கிறோமே, அப்போது இவரைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

டெல்லியில்தான் காந்தியத் தொண்டர் ஜி. ராமச்சந்திரனைச் சந்தித்தார். விதவை மறுமணம், அதிலும் சாதி விட்டுச் சாதி! ஓராண்டு பிரிந்திருந்து, அப்புறமும் மனம் மாறாவிட்டால் மணந்துகொள்ளும்படி காந்திஜி சொன்னார். மனம் மாறவில்லை. 1940-ல் காந்திஜி, கஸ்தூரிபா முன்னிலையில் கல்யாணம் நடந்தது.

1947-ல் தம்பதிகள் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். தாய்-சேய் நலத்துக்காக இரண்டே படுக்கைகளோடு ஆரம்பித்த வைத்திய நிலையம்தான் பெரிய மருத்துவமனையாக வளர்ந்தது. ஆதரவற்ற பெண்களுக்கும் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கும் அங்கே இல்லங்கள் எழுந்தன. பின்னால் மத்திய துணை அமைச்சராகவும் இருந்த அம்மையார், 1984 அக்டோபரில் மறைந்தார்.

காந்திகிராமம் மாதிரி ஒன்றை நம்மால் கட்ட முடியாதுதான். ஆனால் நம் வீட்டு விசேஷத்தில் தூணோரமாக ஒதுங்கி நிற்கும் அத்தையையோ அக்காவையோ கையைப் பிடித்து முன்வரிசைக்கு அழைத்து வரலாம். கணவரை இழந்து திரும்பி வந்த பெண்ணிடம், "நீ எந்த வகுப்போட நிறுத்தினே? மறுபடி படிக்கிறியா?" என்று கேட்கலாம். அவள் பரீட்சைக்குப் படிக்கும் நாட்களில் அவள் குழந்தையை நாம் பார்த்துக்கொள்ளலாம்.

சௌந்தரத்துக்கு அன்று அவரைச் சேர்ந்தவர்கள் செய்ததும் இதுபோன்ற உதவிதானே!