வயிற்றில் காற்றா, கட்டையா? ஒல்லி கிட்டாரின் கதை தெரியுமா?

1969 ஜனவரி 30, லண்டன். எலும்பைத் துளைக்கும் குளிரில் மொட்டை மாடியில் ஏறி நின்று பீட்டில்ஸ் வாசித்தார்களே, அந்தப் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். ஜான் லெனன் தோளில் வார்னிஷ் சுரண்டிய வெறும் மரமாக ஒரு கிட்டார் தொங்கும். அதற்குள்ளே என்ன இருந்தது தெரியுமா? ஒன்றுமே இல்லை. காற்று மட்டும்தான்! எபிஃபோன் கசினோ என்பது அதன் பெயர். பார்த்தால் சாதாரண எலெக்ட்ரிக் கிட்டார். விரலால் தட்டினால் காலி டப்பா!

அந்தக் கசினோவுக்கு ஒரு இரட்டைப் பிறவி உண்டு, தெரியுமா? கிப்சன் இ.எஸ்.330. எபிஃபோன் கம்பெனியை 1957இல் கிப்சன் வாங்கிப்போட்டது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்று ஓர் ஊர். அங்கே ஒரே தொழிற்சாலையில்தான் இரண்டும் பிறந்தன: 330 1959இல், கசினோ 1961இல். தலைப்பகுதியின் வடிவமும் அதில் எழுதிய பெயரும் வேறு, வயிறு ஒன்றுதான். தம்பி ராக் பக்கம் போய்விட்டான். அண்ணன் ஜாஸுக்கு வந்துசேர்ந்தான்.

அண்ணனைக் கையில் ஏந்தியவர் கிராண்ட் கிரீன். பல சுரங்களைச் சேர்த்துக் கார்டு பிடிப்பதில் அவருக்கு அவ்வளவு நாட்டமில்லை. சாக்ஸபோன்காரர் ஊதுவது போல ஒவ்வொரு சுரமாக, ஒற்றைத் தந்தியில் பேசுவார். 1963 நவம்பரில் 'ஐடில் மொமென்ட்ஸ்' பதிவானபோது நடந்ததைக் கேளுங்கள். ஒரு சுற்றுக்கு எத்தனை பார் (தாள அளவு) என்று வாசித்தவர்களுக்குள் குழப்பம். ஆளாளுக்கு நீட்டிவிட்டார்கள்! பாட்டு கிட்டத்தட்ட 15 நிமிடம் ஓடிவிட்டது. ஆனால் அந்த மயக்கத்தைக் கெடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? அதை அப்படியே விட்டுவிட்டு, மற்ற பாட்டுகளில் சிலவற்றைச் சுருக்கி இன்னொரு நாள் மறுபடி வாசித்து, எல்பி தட்டில் இடம் பண்ணினார்கள். உள்ளே காலியான இந்த ஒல்லி 'ஹாலோ பாடி' கிட்டாரின் குரல் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் நான் முதலில் போட்டுக் காட்டுவது அந்தக் காலத்து கிராண்ட் கிரீனைத்தான். சுரம் 'டொக்' என்று பிறக்கும், உருண்டையாக ஒரு கணம் நிற்கும், போய்விடும்.

ஏன் போய்விடுகிறது? அதுதான் விஷயமே! உள்ளே காலி என்றால் மேல்பலகை சுதந்திரமாக ஆடும். தந்தியின் சக்தியை அது வாங்கிக் காற்றில் கொட்டிவிடுகிறது. தந்தி சீக்கிரம் ஓய்ந்துவிடுகிறது. நீண்டு நிற்கும் சுரம் கேட்கும் ராக்காரருக்கு இது குறை. வேகமாகச் சொற்களை அடுக்கிக்கொண்டே போகும் ஜாஸ்காரருக்கோ வரம். முந்திய சுரம் வழிவிட்டால்தானே அடுத்தது நுழைய முடியும்?

சரி, இந்த ஒல்லியை முதலில் கேட்டது யார் தெரியுமா? ஜாஸ்காரர்கள் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை! நாஷ்வில்லின் கன்ட்ரி இசைக்காரர்கள் இரண்டு பேர்: பில்லி பேர்டும் ஹேங்க் கார்லண்டும். அதுவரை ஜாஸின் பட்டத்து யானை கிப்சன் எல்-5. விளிம்பில் 3⅜ அங்குலத் தடிமன். உட்கார்ந்து அணைத்தால் வலது கை பலாப்பழத்தைச் சுற்றிப் போவது மாதிரி போகும். அதன் குணம் வேண்டும், பருமன் வேண்டாம் என்றார்கள் இருவரும். 1955இல் 2¼ அங்குலத்தில் ஒரு கிட்டார் வந்தது. இரண்டு பேரின் பெயரையும் ஒட்டி 'பேர்ட்லேண்ட்' என்று வைத்தார்கள். நியூயார்க்கில் சாக்ஸபோன்காரர் சார்லி பார்க்கர் நினைப்பில் பெயர் சூட்டிய 'பேர்ட்லேண்ட்' ஜாஸ் கிளப் ஒன்றும் அப்போது கொடிகட்டிப் பறந்தது. எழுத்து வேறு, உச்சரிப்பு ஒன்று!

அந்தக் கிட்டாரின் தந்தி நீளத்தையும் 23½ அங்குலமாகக் குறைத்துவிட்டார்கள். ஃபெண்டர் கம்பெனியின் கிட்டார்களில் பொதுவாக அது 25½. இரண்டு அங்குலம் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்காதீர்கள். ஐந்து ஃப்ரெட் (கழுத்தில் பதித்த கம்பிக் கட்டு) அகலத்துக்கு விரலை விரித்து ஒரு கார்டு பிடித்துப் பார்த்தால் சுண்டுவிரல் சொல்லும். சின்னக் கை உள்ளவர்களுக்கு வரப்பிரசாதம். பெரிய விரல்காரர்களுக்கு மேல் ஃப்ரெட்டுகளில் பேருந்து நெரிசல்.

கார்லண்டின் மீதிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். கன்ட்ரி ஸ்டுடியோக்களில் எல்விஸ் பிரெஸ்லி உட்பட எல்லாருக்கும் வாசித்துக்கொண்டிருந்த மனிதர், 1960இல் திடீரென்று ஒரு முழு ஜாஸ் ஆல்பம் பதிவு செய்தார். அதில் வைப்ரஃபோன் வாசித்த கேரி பர்ட்டனுக்கு வயது 17! அடுத்த வருஷமே கார் விபத்து; அவர் கை பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

அதே 1955இல் பேர்ட்லேண்டின் மலிவுப் பதிப்பாக இ.எஸ்.350டி வந்தது. அதை மேடையில் ஆட்டிவைத்தவர் ராக் பாடகர் சக் பெர்ரி. அவருடைய 'ஜானி பி. குட்' 1977இல் வாயேஜர் விண்கலங்களின் தங்கத்தட்டில் ஏறி இன்னமும் விண்வெளியில் போய்க்கொண்டிருக்கிறது!

'மலிவு' என்றேன் அல்லவா? மலிவு எதில் தெரியுமா? பேர்ட்லேண்டின் மேல்பலகை முழு ஸ்ப்ரூஸ் மரத்தைச் செதுக்கிக் குவித்தது. 350டியும் 330ம் கசினோவும் பிளைவுட்! ஆமாம், அலமாரிக் கதவு செய்கிற அதே வித்தைதான்: மெல்லிய மரத்தாள்களை ஒட்டி அச்சில் அழுத்தி வளைத்தது. பிளைவுட் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். விறைப்பான பலகை குறைவாக ஆடும். குறைவாக ஆடினால் ஆம்ப் (ஒலிபெருக்கி) முன்னால் குறைவாக ஊளையிடும். வீட்டில் தனியாக, ஆம்ப் இல்லாமல் வாசிக்கத்தான் செதுக்கிய பலகைக்குக் காசு கொட்டலாம். டிரம்ஸ் பக்கத்தில் நிற்கப் போகிறீர்களா? பிளைவுட்டே உங்கள் நண்பன் என்பது என் கட்சி.

ஊளை! இந்த வகைக் கிட்டாரின் ஜென்ம எதிரி. ஆம்பிலிருந்து வரும் ஒலி மேல்பலகையை உலுக்குகிறது. பலகை தந்தியை உலுக்குகிறது. தந்தியின் அசைவை மின்சாரமாக்கும் பிக்கப் அதை மறுபடி ஆம்புக்கே அனுப்புகிறது. சுற்று முடிவதே இல்லை. அரங்கமே காதைப் பொத்திக்கொள்ளும். உள்ளே அடைபட்ட காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. காலி பாட்டில் வாயில் ஊதினால் 'பூம்' என்கிறதே, அதே சமாச்சாரம். கடம் வாசிப்பவர் பானையின் வாயை வயிற்றில் அழுத்தியும் விலக்கியும் ஒலியை மாற்றுவதைக் கச்சேரியில் பார்த்திருப்பீர்கள். துளையை அடைத்தால் காற்றின் குரல் மாறும். இதை ப்ளூஸ் கிட்டார்காரர் பி.பி.கிங் எப்படிப் பயன்படுத்தினார் தெரியுமா? கிட்டாரின் வயலின் மாதிரித் துளைகளில் துண்டுத் துணியைத் திணித்துவிடுவார்! கடைசியில் 1980இல் கிப்சன் அவருக்காக வெளியிட்ட 'லூசில்' மாடலில் துளையே கிடையாது.

'லூசில்' என்ற பெயர் வந்த கதை வேறு. 1949இல் அர்க்கன்சாவின் ட்விஸ்ட் என்ற ஊரில் ஒரு நடனக்கூடம். சூடேற்ற வைத்திருந்த மண்ணெண்ணெய்ப் பீப்பாயை இரண்டு பேர் சண்டையில் தள்ளிவிட, கட்டடமே தீப்பிடித்தது. வெளியே ஓடிவந்த கிங், கிட்டாரை விட்டுவிட்டோமே என்று எரியும் கட்டடத்துக்குள் மறுபடி ஓடினார்! சண்டைக்குக் காரணமான பெண்ணின் பெயர் லூசில் என்று மறுநாள் தெரிந்தது. இனி இப்படி முட்டாள்தனம் செய்யாதே என்று தனக்கே நினைவூட்டிக்கொள்ளத்தான் கிட்டாருக்கு அந்தப் பெயர்.

ஊளைக்குக் கிப்சன் கண்டுபிடித்த வேறொரு வைத்தியம்தான் பலரைக் குழப்புகிறது. 1958இல் இ.எஸ்.335 வந்தது. அதே ஒல்லி, அதே வளைவு, அதே துளைகள். ஆனால் கழுத்திலிருந்து அடிவரை நடுவே ஒரு மேப்பிள் கட்டை! இரண்டு பக்கம் மட்டும்தான் காற்று. சுரம் நீளும், ஊளை அடங்கும், எடை கூடும். இதைத்தான் செமி ஹாலோ என்கிறார்கள். பெயர்ப் பலகையில் எண் ஐந்து கூடினாலும் தலைகீழ் ஜாதகம்.

நான் ஏமாந்த கதை இது. ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) "முழு ஹாலோ சார், கேரண்டி" என்று சத்தியம் செய்தார் விற்பனைப் பையன். தோளில் போட்டதுமே கனம் சொன்னது. அன்றைக்குக் கற்ற சோதனையை உங்களுக்கும் தருகிறேன்: செல்போன் டார்ச்சை ஒரு துளையில் பிடித்து உள்ளே எட்டிப் பாருங்கள். வெளிச்சம் மறுபக்கத் துளை வழியே தெரிந்தால் ஹாலோ. நடுவில் மரச் சுவர் மறித்தால் செமி. கடைக்காரர் வாயால் சொல்வதை விட டார்ச் நன்றாகச் சொல்லும்.

எடையும் துப்புக் கொடுக்கும். முழு ஹாலோ சுமார் 2½ முதல் 3 கிலோ. நடுக்கட்டை உள்ளது பெரும்பாலும் 3½ கிலோ அளவுக்குப் போகும்.

மாடல் எண்களே ரகசிய மொழி, தெரியுமா? இ என்றால் எலெக்ட்ரிக், எஸ் என்றால் ஸ்பானிஷ். ஸ்பெயினுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அந்தக் காலத்தில் மடியில் படுக்கவைத்து வாசித்த ஹவாயன் கிட்டாரே பிரபலம். நெஞ்சோடு பிடித்து வாசிப்பதற்குத்தான் ஸ்பானிஷ் என்று பெயர். எண்ணுக்குப் பின்னால் டி வந்தால் ஒல்லி, சி வந்தால் மேல் ஃப்ரெட்டுக்குக் கை போக உடம்பில் வெட்டு, என் வந்தால் சாயமில்லாத மரநிறம்.

பிக்கப்பிலும் ஒரு திருட்டுச் சிரிப்பு உண்டு. 330லும் கசினோவிலும் இருப்பது பி-90 என்ற ஒற்றைச் சுருள். குரலில் கொஞ்சம் கரகரப்பும் கடியும் இருக்கும். ட்யூப்லைட், ஃபேன் ரெகுலேட்டர் பக்கத்தில் போனால் 'ம்ம்ம்' என்று முனகும். இந்த முனகலை ஒழிக்கத்தான் கிப்சனில் சேத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராகக் கோத்து ஹம்பக்கரை உருவாக்கினார். 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பம், 1959இல் கிடைத்தது. பிறகு பிக்கப்பின் அடியில் காப்புரிமை எண்ணோடு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அந்த எண்ணைத் தேடிப் போனால் வருவது என்ன தெரியுமா? பிக்கப் அல்ல, தந்தி மாட்டுகிற டெயில்பீஸ்! காப்பியடிக்க வருபவர்களை அலையவிடத்தான் என்று ஊகிப்பவர்கள் உண்டு.

முனகல் பொறுக்காதவர்கள் ஹம்பக்கர் வைத்த ஒல்லியைத் தேடலாம். முனகினாலும் பரவாயில்லை, சுரம் எழும்போது அந்தக் கடி வேண்டும் என்றால் பி-90. எமிலி ரெம்லர் தன் அண்ணனிடமிருந்து வந்த ஒரு 330ஐ வைத்துக்கொண்டே 1980களின் ஜாஸ் மேடைகளில் முன்வரிசைக்கு வந்தார். 1990இல் 32 வயதில் மறைந்துவிட்டார்.

'தின்லைன்' என்று எழுதியிருப்பதெல்லாம் இதே ஜாதி என்று நம்பிவிடாதீர்கள். ஃபெண்டர் 1968இல் டெலிகாஸ்டர் தின்லைன் என்று ஒன்று விட்டது. ரோஜர் ரோஸ்மைஸல் அதை வடிவமைத்ததே கனத்த மரத்தின் எடையைக் குறைக்கத்தான்: கட்டையைக் குடைந்து ஒரு துளை போட்டார். நல்ல கிட்டார்தான், ஆனால் டப்பா அல்ல. இதைச் சொன்னதும் ஒரு ஜாஸ் ரசிகர் குறுக்கிட்டு, டொராண்டோவின் எட் பிக்கர்ட் துளையே இல்லாத டெலிகாஸ்டரில் சாக்ஸபோன்காரர் பால் டெஸ்மண்டோடு வாசித்தாரே என்பார். வாசித்தார்தான்! வெண்ணெய் மாதிரி வாசித்தார். அவர் விரலைக் கடையில் விற்பதில்லை.

ஆகவே கடைக்குப் போகும்போது இதைச் செய்யுங்கள். முதலில் ஆம்பை அணைத்துவிட்டு வாசியுங்கள். வெறும் கையிலேயே ஒரு சின்னக் குரல் வர வேண்டும். அடுத்து கழுத்துப் பக்கப் பிக்கப், டோன் குமிழ் பாதி. தந்தி அதிகம் ஊசலாடும் இடம் அது, அதனால்தான் ஜாஸின் அந்தக் கதகதப்பு அங்கே கிடைக்கிறது. பிறகு மேடை அளவுக்குச் சத்தத்தை ஏற்றி, மிகத் தடித்த தந்தியில் ஒவ்வொரு ஃப்ரெட்டாக ஏறுங்கள். ஏதாவது ஒரு சுரம் மட்டும் பொங்கி வழிந்தால் அந்தக் கிட்டாரின் வியாதி அங்கேதான். தந்தியைத் தாங்கும் பிரிட்ஜ் திருகில்லாமல் பலகைமேல் சும்மா நிற்கிற ரகமா என்றும் பாருங்கள்; அப்படியானால் வீட்டில் ஆறு தந்தியையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள், பிரிட்ஜ் நகர்ந்து சுதி போய்விடும்.

முக்கியமானதை விட்டுவிட்டேனே, தந்தி! கடைகளில் தொங்கும் பெரும்பாலான கிட்டார்களில் ராக்குக்கான மெல்லிய 10 செட் (எண் முதல் தந்தியின் தடிமனைச் சொல்லும்) போட்டிருப்பார்கள். மூன்றாம் தந்தி வெறும் கம்பி. அதில் ஜாஸ் வாசித்துப் பார்த்துவிட்டு இந்தக் கிட்டார் சரியில்லை என்று திரும்புவது மணப்பெண்ணை அவள் தங்கையின் புகைப்படம் பார்த்து வேண்டாம் என்பது மாதிரி. 12 செட், மூன்றாம் தந்தியும் சுற்றுக் கம்பி, அதுவும் தட்டையான பட்டையால் சுற்றிய ஃப்ளாட்வூண்ட். விரல் நகரும்போது 'கீச்' என்ற சத்தமே இராது. ஒரு செட்டை நீங்களே வாங்கிப் பையில் கொண்டுபோங்கள். மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வேன் என்று கேட்டால் கடைக்காரர் முகம் கொஞ்சம் கோணும். அதற்குள் நீங்கள் மூன்றாம் தந்தியைக் கழற்ற ஆரம்பித்திருக்க வேண்டும்.