கடற்குதிரைக்கு ஒரு வீடு

(மூன்றாம் ஆண்டு இளம் அறிவியல், விலங்கியல்)

மீன் என்று சொன்னால் நம்ப முடியாத மீன் ஒன்று உண்டென்றால் அது கடற்குதிரைதான். அதன் முகம் குதிரையின் முகம். வால் குரங்கின் வாலைப் போல் எதையும் சுற்றிப் பற்றிக்கொள்ளும். ஆணோ கங்காருவைப் போல் வயிற்றுப் பையில் பிள்ளைகளைச் சுமக்கும். செதில்களுக்குப் பதிலாக உடல் முழுவதும் எலும்பு வளையங்கள். ஆயினும் செவுள், காற்றுப்பை, துடுப்பு ஆகிய மூன்றும் இருப்பதால் அது ஐயத்திற்கிடமின்றி மீனே. விலங்கியலார் இதனை ஹிப்போகாம்பஸ் என்னும் பேரினத்தில் வைத்துள்ளனர். இப்பேரினத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன.

நான் இரண்டு ஆண்டுகளாக வீட்டில் கடல்நீர்த் தொட்டி ஒன்றில் கோமாளி மீன் வளர்த்து வருகிறேன். இதை அறிந்த விடுதி நண்பர்கள், "ராமேசுவரம் பக்கம் போய் இரண்டு கடற்குதிரையும் கொண்டு வந்து விடேன்டா!" என்று அடிக்கடி சொல்வதுண்டு. அவர்களுக்கு நான் இரண்டு விடைகள் வைத்திருக்கிறேன். முதல் விடை சுருக்கமானது: அது குற்றம். 2001ஆம் ஆண்டில் கடற்குதிரைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பு அன்று முதல் இதற்கும் உண்டு. பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் தண்டனைக்குரியவை.

இரண்டாம் விடை நீளமானது; அதுவே இக்கட்டுரை. அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் பண்ணையிலேயே பிறந்து வளர்ந்த கடற்குதிரைகளைச் சட்டப்படி விற்கிறார்கள். பலர் வீட்டில் வளர்க்கிறார்கள். அவர்கள் அதற்குச் செய்யும் ஏற்பாடுகளை அறிந்துகொண்டால், கடல் ஒரு சிற்றுயிருக்காக என்னென்ன செய்கிறது என்பது விளங்கும். எடுத்துக்காட்டாக அட்லாண்டிக் கடற்கரையைச் சேர்ந்த ஹிப்போகாம்பஸ் எரக்டஸ் என்னும் இனத்தைக் கொள்வோம். அங்கே புதிதாக வளர்க்கத் தொடங்குவோர் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது இதனையே.

தொட்டியும் நீரும்

சாதாரண மீன்தொட்டிக்கு நீளம் முக்கியம். கடற்குதிரைக்கோ உயரம் முக்கியம். இது நிமிர்ந்து நீந்தும் மீன். இணை சேரும்போது ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று எதிர்நோக்கியவாறு மேலெழும்பிச் செல்லும். பெண் தன் முட்டைகளை ஆணின் பைக்குள் இடுவது அப்போதுதான். தொட்டி குட்டையாக இருந்தால் முட்டைகள் தரையில் சிந்திப்போகும். ஆகவே உடல் நீளத்தைப் போல் மூன்று மடங்கு உயரம் வேண்டும் என்பது கணக்கு. வளர்ந்த குதிரை 15 செ.மீ. என்றால், நீர் 45 செ.மீ.க்குக் குறையாமல் நிற்க வேண்டும். 60 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம் உள்ள தொட்டி ஏறத்தாழ 135 லிட்டர் கொள்ளும். ஓர் இணைக்கு இது போதும்.

சமையல் உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகிவிடாது. கடல்நீரில் சோடியம் குளோரைடுடன் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட் முதலியனவும் குறிப்பிட்ட விகிதத்தில் உள்ளன. அதற்கென்றே தயாரிக்கப்பட்ட கடல் உப்புக் கலவையைக் குளோரின் இல்லாத தூய நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம் கரைக்க வேண்டும். நமது தொட்டிக்கு ஏறத்தாழ 4¾ கிலோ ஆகும். கலந்த நீரை ஒரு நாள் கலக்கியபடி வைத்திருந்து, ஒப்படர்த்தி 1.020 முதல் 1.025க்குள் இருப்பதைப் பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும். பிறகு ஒன்றை மறக்கக் கூடாது. ஆவியாகிப் போவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். நான் என் தொட்டியின் கண்ணாடியில் ஒரு கோடு கிழித்து வைத்து, நீர் அதற்குக் கீழே இறங்கும்போதெல்லாம் நன்னீரையே ஊற்றுகிறேன். அங்கே உப்புநீரை ஊற்றினால் நாளடைவில் தொட்டி உப்பளம் ஆகிவிடும்.

வெப்பநிலை பற்றிய செய்தி வியப்பானது. நமது பாக் நீரிணையில் 28 டிகிரி வெப்பத்திலும் கடற்குதிரைகள் நலமாக வாழ்கின்றன. ஆனால் வெப்பமண்டல இனமாயினும் தொட்டியில் 22 முதல் 24 டிகிரி செல்சியசுக்குள் வைத்திருக்க வேண்டும் என்கிறார்கள் வளர்ப்போர். ஏன் இந்த முரண்பாடு? கடல் பரந்தது, கழிவும் கிருமியும் அதில் நீர்த்துப் போகின்றன. தொட்டி மூடிய அறை. அங்கே உண்ணாமல் விட்ட இரையில் விப்ரியோ போன்ற பாக்டீரியாக்கள் பெருகும். வெப்பம் கூடினால் இன்னும் விரைந்து பெருகும். கோடையில் கொதிக்கும் நம் ஊர் வீடுகளில் குளிர்விக்கும் கருவி இன்றி இது இயலாத காரியம்.

கண்ணுக்குத் தெரியாத பணியாளர்கள்

நீர் நிரப்பிய அன்றே மீனை விடலாமா? கூடாது. மீனின் கழிவிலிருந்தும் அழுகும் இரையிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. ஒருவகை பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சே. வேறொரு வகை அதனை நைட்ரேட்டாக மாற்றும். இதனால் தீங்கு குறைவு. இவ்விரு வகையும் கல்லிலும் மணலிலும் வடிகட்டியிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். அதுவரை தொட்டியில் சிறிதளவு இரையை இட்டு அம்மோனியா உண்டாகச் செய்து, சோதித்தபடி காத்திருக்க வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் என்று காட்டிய பிறகே குதிரைக்கு நல்ல நாள். எஞ்சும் நைட்ரேட்டைக் குறைக்க, வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரையேனும் மாற்ற வேண்டும்.

பற்றுக்கோடு

கடற்குதிரை நீச்சலில் வல்லதன்று. முதுகுத்துடுப்பு நொடிக்குச் சுமார் 35 முறை அடித்தும் அது மெல்லத்தான் நகரும். எனவே அது பெரும்பொழுது எதையாவது வாலால் பற்றிக்கொண்டு நிற்கும். பற்றுவதற்கு ஒன்றும் இல்லாவிட்டால் ஒன்றையொன்று பற்றி அலைக்கழியும். செயற்கைச் செடி, கடற்பாசி, தீங்கற்ற கிளைப் பவளக்கொடி ஆகியவற்றை வெவ்வேறு உயரத்தில் நட்டு வைப்பது இதற்காகவே. நீரோட்டம் மிதமாக இருக்க வேண்டும். நீரை உறிஞ்சும் குழாய்வாய்க்குப் பஞ்சு மூட வேண்டும். இல்லையேல் பற்றுக்கோடு தேடும் வால் அங்கே போய் மாட்டிக்கொள்ளும்.

வயிறில்லாத விருந்தாளி

கடற்குதிரைக்குப் பல்லும் இல்லை, இரைப்பையும் இல்லை. இரண்டு கண்களையும் தனித்தனியே சுழற்றி இரையைக் குறிபார்த்து, குழல் போன்ற வாயால் சடக்கென்று உறிஞ்சி விழுங்கும். உண்டது குடலில் விரைந்து சென்றுவிடும். ஆகவே அது இடைவிடாது உண்ண வேண்டிய உயிர். மைசிஸ் என்னும் சிற்றிறாலை உறைபனியிலிருந்து எடுத்து உருக்கி, நாள்தோறும் இருமுறையோ மும்முறையோ தருகிறார்கள். பண்ணையில் பிறந்த குதிரை இவ்வகை இறந்த இரைக்குப் பழகியிருக்கும். கடலிலிருந்து பிடித்ததோ உயிருள்ள, அசையும் இரையையே நாடும். பல வேளைகளில் பட்டினி கிடந்தே மடியும்.

இங்கேதான் என் நண்பர்களின் யோசனை பொருந்தாமற் போகிறது. என் தொட்டியில் ஒரு சிட்டிகை இரை தூவினால் கோமாளி மீன்கள் கண்மூடித் திறப்பதற்குள் தீர்த்துவிடும். கடற்குதிரையோ இரையை ஒரு பக்கமாகப் பார்த்து, மறுபக்கமாகப் பார்த்து, பிறகுதான் வாய் வைக்கும். பந்தியில் இவ்விருவரையும் சேர்த்து உட்கார வைத்தால் ஒருவர் பசியோடு எழுவார். நண்டும் கடற்சாமந்தியும் அண்டை வீட்டாராக இருத்தல் இன்னும் ஆபத்து.

ஆண் ஈனும் பிள்ளைகள்

பெண் இட்ட முட்டைகளை ஆண் தன் பையிலேயே கருவுறச் செய்து, அவற்றுக்கு உயிர்வளியும் உப்புச் சமநிலையும் அளித்துச் சில வாரங்கள் சுமக்கிறது. பிறகு உடலை முன்னும் பின்னும் வளைத்துக் குஞ்சுகளை வெளியே தள்ளுகிறது. இனத்தைப் பொறுத்துச் சில பத்திலிருந்து ஆயிரத்திற்கு மேலும் இருக்கலாம். பிறந்த கணமே அவை தம் இரையைத் தாமே தேட வேண்டும். நமது ஆய்வுக்கூடத்தில் உப்புநீரில் காற்றோட்டம் கொடுத்து ஒரு நாளில் பொரிக்கச் செய்கிறோமே, அந்த ஆர்ட்டீமியாவின் இளவுயிரிகளைத்தான் பகலெல்லாம் பலமுறை ஊட்டுகிறார்கள். அப்படியும் பிழைப்பவை சிலவே.

கடற்புல் வெளி

இப்போது கணக்கிட்டுப் பாருங்கள். குளிர்விப்பான், வடிகட்டி, நீரோட்டக் கருவி, செயற்கைச் செடி, உறைந்த இறால், சோதனைக் குப்பிகள், ஆறு வாரக் காத்திருப்பு. இவ்வளவும் எதற்கு? ஒரு முழம் கடற்புல் வெளியைக் கண்ணாடிக்குள் போலி செய்வதற்கு! மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் கடற்புல் இவ்வனைத்தையும் கூலியின்றிச் செய்கிறது. அதன் இலை பற்றுக்கோடு. அதன் வேரடி மண் வடிகட்டி. இலைகளுக்கிடையே திரியும் சிற்றிறால்களே அன்னசாலை.

அந்த வெளிக்கு இன்று இடர் உண்டு. அடிமட்ட இழுவலை புல்லைச் சீய்க்கும்போது, மற்ற மீன்கள் விலகி ஓடப் பார்க்கும். கடற்குதிரையோ ஆபத்து வந்தால் பற்றியதை இன்னும் இறுக்கிப் பற்றிக்கொள்ளும்; புல்லோடு சேர்ந்து வலைக்குள் போகும். பல இனங்களில் ஆணும் பெண்ணும் ஒரு பருவம் முழுவதும் இணைபிரியாதவை. ஒன்று போனால் மற்றதன் இனப்பெருக்கமும் தடைப்படும். சீன மருத்துவத்திற்காக உலர்த்தி விற்கும் வணிகம் வேறு. இதனால்தான் 2002இல் பன்னாட்டு வணிக ஒப்பந்தமான சைட்டிஸ் இவற்றை இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. அது 2004இல் நடைமுறைக்கு வந்தது. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அமைந்தது. 2022இல் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. கடற்பசு மேயும் புல்லே கடற்குதிரையின் வீடும் ஆதலால், ஒன்றைக் காத்தால் மற்றதும் காக்கப்படும்.

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைக்க விரும்பும் நண்பர்கள் கோமாளி மீனில் தொடங்கலாம். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இதனைப் பொரிக்கச் செய்து வளர்க்கும் முறையை நிலைநாட்டியுள்ளனர். கடலிலிருந்து பிடிக்கத் தேவையில்லை. அடுத்த கல்விச் சுற்றுலாவில் கடற்கரைக்குப் போகும்போது, உலர்ந்த கடற்குதிரையை யாரேனும் நினைவுப் பொருளாகவோ மருந்தாகவோ நீட்டினால் வாங்காதீர்கள். வலையில் உயிரோடு ஒன்று கிடந்தால், மீனவ அண்ணனிடம் சொல்லித் தண்ணீரில் விடச் செய்யுங்கள். கடற்குதிரைக்கு நாம் கட்டித்தரக்கூடிய வீடு அதைவிட நல்லதாக இராது.