கடல் நடுவே பேறுகாலம்

பிறந்த மண்ணை விட்டு வேற்று மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழர் இல்லங்களில் ஒரு பெண் கருவுற்றாள் என்றால், மகிழ்ச்சியோடு கூடவே ஒரு கேள்வியும் எழுவதுண்டு: பேறுகாலத்தை எங்கே வைத்துக்கொள்வது? தில்லியிலும் பம்பாயிலும் வாழ்வோர்க்கு இது இரயில் பயணச்சீட்டைப் பற்றிய கேள்வி. நிக்கோபார்த் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த கட்சாலில் வாழ்வோர்க்கோ இது கடலைப் பற்றிய கேள்வி. ஆதலின் கட்சாலை முன்னிறுத்தியே இப்பொருளை ஆராய்வோம்.

கட்சால் 174 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காட்டுத் தீவு. முன்னாளில் போர்ட் பிளேர் என வழங்கி, 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய தலைநகர் இதற்கு வடக்கே 400 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவில் உள்ளது. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களுள் சில குடும்பங்கள், ரப்பர் பால் எடுக்கும் தொழிலுக்காக இத்தீவில் குடியமர்த்தப்பட்டன. இலங்கைத் தோட்டங்களில் லயத்து வாழ்க்கை துன்பமானதுதான்; எனினும் அங்கே தோட்டத்து மருத்துவிச்சியும், வேலைக்குச் செல்லும் தாய் கைக்குழந்தையை விட்டுச்செல்லப் பிள்ளைக் காம்பராவும் இருந்தன. கடல் கடந்து வந்த பெண்களுக்குத் தாய்வீடு என ஒன்று எட்டும் தொலைவில் இல்லை. 2004 டிசம்பர் 26-இல் எழுந்த ஆழிப்பேரலை இத்தீவைப் பெரிதும் அழித்தது. 2001-இல் 5,312 ஆக இருந்த மக்கள்தொகை 2011-இல் 2,685 ஆகக் குறைந்தது.

ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பு நடத்திப் பெண்ணைத் தாய்வீட்டிற்கு அழைத்துச் செல்லுதல் நம் வழக்கம். இதனை வெறும் சடங்கென்று தள்ளுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. வலி எடுப்பதற்கு வெகு முன்பே, கவனிப்பார் உள்ள இடத்திற்குத் தாயைச் சேர்த்துவிடுவதே இவ்வழக்கத்தின் உட்பொருள். கார் நிக்கோபார் மக்களிடையே இதற்கு இணையான வழக்கம் ஒன்று இருந்தது. கடற்கரையை ஒட்டிய எல்பனம் என்னும் ஊர்ப்பொதுவிடத்தில் பேறுகாலத்திற்கென்றே தனி இல்லங்களை அவர்கள் அமைத்திருந்தனர். பிள்ளை பிறந்தபின் தந்தையும் வேலை ஒழிந்து ஓய்ந்திருந்தான். இதனை எள்ளி எழுதிய வெளிநாட்டார் பலர். மனைவியின் அருகில் ஒருவன் சில நாள் இருப்பதில் எள்ளுவதற்கு என்ன உண்டு என்பது நமக்கு விளங்கவில்லை.

இன்றைய மருத்துவம் கூறுவதும் இதுவே. தொலைதூரத்துத் தாய்மார் பேற்று நாளுக்கு இரண்டு மூன்று வாரம் முன்னரே பெரிய மருத்துவமனைக்கு அருகே சென்று தங்குதல் நலம். கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் பேற்று நாள் கிடைக்கும். எனினும் குறித்த நாளிலேயே பிறக்கும் குழந்தைகள் மிகச் சிலவே. 37 வாரம் நிறைந்தபின் எந்நாளும் வலி தோன்றலாம். கருவில் இரட்டைப் பிள்ளை உள்ளவர், குழந்தை குறுக்கே கிடப்பவர், நஞ்சுக்கொடி கருப்பை வாயிலை மறைத்திருப்பவர், முன்னர் அறுவை செய்துகொண்டவர் ஆகியோர் இன்னும் முன்னதாகவே புறப்பட வேண்டும். ஹெலிகாப்டருக்குத் தெளிந்த வானம் வேண்டும். கப்பலுக்கு அடங்கிய கடல் வேண்டும். பேற்று வலியோ இரண்டிற்கும் காத்திராது.

இத்துணை அவசரம் ஏன் என்று கேட்கலாம். நிறைமாதத்தில் தாயின் கருப்பைக்கு நிமிடந்தோறும் அரை லிட்டருக்கு மேல் இரத்தம் பாய்கின்றது. குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி பிரிந்தவுடன், அது ஒட்டியிருந்த இடத்தில் இரத்தக் குழாய்களின் வாய்கள் திறந்து நிற்கும். கருப்பையின் தசைநார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியவை. அவை சுருங்கி இறுகும்போது அக்குழாய்களைக் கயிற்று முடிச்சுப்போல் நெரித்து அடைத்துவிடுகின்றன. தசை சோர்ந்து சுருங்காதுபோயின், நல்ல உடல்நலமுள்ள பெண்ணும் இரண்டு மணி நேரத்திற்குள் உயிரிழக்கக்கூடும். இதனைத் தடுக்கவே, குழந்தை பிறந்த ஒரு நிமிடத்திற்குள் ஆக்ஸிடோசின் 10 அலகு ஊசி போடுகின்றனர். இம்மருந்தோ குளிரில் வைக்கப்பட வேண்டியது. வெப்பத்தில் கிடந்தால் வலிமை குன்றும். மின்சாரம் தடைப்படும் சிறு ஊர்களில் இது பெருஞ்சிக்கல். வெப்பத்தைத் தாங்கும் கார்பெடோசின் என்னும் மருந்து ஆக்ஸிடோசினுக்கு ஏறக்குறைய ஈடாகும் என்பது 2018-இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வில் தெளிந்தது. மிசோப்ரோஸ்டால் மாத்திரையும் குளிர்ப்பெட்டி வேண்டாதது.

இரத்தம் இழந்தவர்க்கு இரத்தமே மருந்து. சிறு தீவில் வேண்டும்போது அது கிட்டும் என்று எண்ணியிருத்தல் இயலாது. ஆகவே தாய் தன் உடலிலேயே அதனைச் சேமித்து வைத்துக்கொள்ள வேண்டியவளாகின்றாள். ஹீமோகுளோபின் அளவு 11 கிராமுக்குக் குறைந்தால் சோகை. நான்காம் மாதம் முதல் நாள்தோறும் ஓர் இரும்புச் சத்து மாத்திரை வீதம் 180 நாளும், பிள்ளை பெற்றபின் மேலும் 180 நாளும் உட்கொள்ள வேண்டும் என்பது அரசின் விதி. இங்கே தோட்டத்தில் பழகிய நம் பெண்களுக்கு ஒரு சொல்: சாயத் தண்ணீரோடு இம்மாத்திரையை விழுங்கற்க. தேயிலையின் துவர்ப்பு இரும்பைப் பற்றிக்கொண்டு உடலிற் சேராமல் தடுக்கும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் வேறு வேளையில் கொள்க. நிக்கோபாரில் மலேரியாவும் சோகைக்கு ஒரு காரணமாதலின் கொசுவலை இன்றியமையாதது.

மற்றொரு பகை இரத்த அழுத்தம். இருபதாம் வாரத்திற்குப்பின் அது 140/90 அளவை எட்டினால் உடனே மருத்துவரை நாடவேண்டும். ஓயாத தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி, முகமும் கையும் வீங்குதல் ஆகியவை வலிப்பு வருமுன் தோன்றும் அடையாளங்கள். ‘பிள்ளைத்தாய்ச்சிக்கு வீக்கம் இயல்புதானே’ என்று ஆறுதல் கூறி, அழுத்தத்தை அளந்து பாராமலே விட்டுவிடுவது நம்மிடையே அடிக்கடி நேர்கின்றது. இந்நோய் பேற்றிற்குப் பின்னரும் தோன்றக்கூடும்.

பிள்ளை பிறந்தபின் நம்மவர் கைக்கொள்ளும் முறைகள் பல. வெந்நீர்க் குளியலும், பூண்டுக் குழம்பும், நாற்பது நாள் ஓய்வும் நல்லனவே. தாய்க்குத் தண்ணீர் கொடாது நாவறளச் செய்வது தீது. பால் கொடுப்பவளுக்கு நீர் மிகுதியாக வேண்டும். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுக் குழந்தைக்குச் சேனை தொட்டு வைப்பதும் தீது. நோய் எதிர்க்கும் ஆற்றல் அச்சீம்பாலில் அன்றோ செறிந்துள்ளது! பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் தருக; ஆறு மாதம் வரை வேறெதுவும், தண்ணீரும்கூட, வேண்டா. தொப்புட்கொடியில் சாம்பலோ மஞ்சளோ எண்ணெயோ தடவாது உலர விடுக. தாய்க்குப் போட்ட தடுப்பூசியாலும் தூய பேற்று முறையாலும் பச்சிளங்குழந்தைகளின் இசிவு நோய் மிகவும் அருகி, அது இந்நாட்டில் ஒழிக்கப்பட்ட நிலையை எட்டியதாக 2015-இல் அறிவிக்கப்பட்டது. இரண்டரைக் கிலோவிற்குக் குறைந்த குழந்தையைத் தாயின் மார்போடு தோல் படுமாறு அணைத்து வைத்தால் உடற்சூடு காக்கப்படும்.

அரசு மருத்துவமனையில் பேற்றுக்கும், அறுவைக்கும், மருந்துக்கும், இரத்தத்திற்கும், போக்குவரத்திற்கும் கட்டணம் இல்லை என்னும் உரிமை 2011-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தால் கிடைத்தது. எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும் இதனைக் கேட்டுப் பெறலாம். மொழி தெரியவில்லையே என்று தயங்க வேண்டா. மாதந்தோறும் 9-ஆம் நாள் கருவுற்றோர்க்கெனச் சிறப்புச் சோதனையும் உண்டு.

பேற்றிற்குப்பின் 48 மணி நேரமேனும் மருத்துவமனையில் தங்குதல் வேண்டும். வீடு திரும்பியபின் 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் சுகாதாரப் பணியாளர் வந்து பார்ப்பது முறை. தீட்டு என்று தாயை ஒதுக்கறையில் வைத்துக் கதவைச் சாத்தாமல், வந்தவரை உள்ளே அழைத்துச் சென்று, காய்ச்சல் உண்டா, உதிரம் மிகுந்துள்ளதா, அதில் நாற்றம் உண்டா, குழந்தை பால் குடிக்க மறுக்கின்றதா என்பவற்றைக் காட்டுக. இவற்றுள் ஒன்று இருப்பினும் 42-ஆம் நாள் வரை காத்திராது, அன்றைக்கே மருத்துவமனைக்குப் புறப்படுக.